தோத்த அன்னிக்கு மட்டும்

ஜன்னலைச் சாத்தாத தாயி. கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கட்டும். வெயிலு என் மேலதான அடிக்குது, அடிச்சுட்டுப் போகட்டும். பஸ்ஸு இந்த வளைவு திரும்புனதும் ஒரு இடம் வரும். திருநவேலிக்குப் போகையிலெல்லாம் அதை ஒரு பார்வை பாத்துக்கிடுவேன்.

அந்தா. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்குல்ல, அதுக்கு நடுவுல ஒரு மண்மேடு தெரியுது பாரு. போயிருச்சு. அம்புட்டுத்தான். இப்பச் சாத்திக்கோ.

அது வெறும் மேடு இல்ல தாயி. கேலரி. படிப்படியா மண்ணை ஏத்தி, மேல கல்லுப் பாவி வச்சிருப்பாக. நாகலட்சுமி மில் கிரவுண்டு. நீ கேள்விப்பட்டிருக்க மாட்டே, ஒனக்கு வயசு பத்தாது. எங்க கோவில்பட்டியில ஹாக்கின்னா உசுரு. மே மாசம் அங்க டோர்னமென்ட் நடக்கும். ஊரே அங்கதான் கிடக்கும்.

நானா? திருநவேலிக்கு. மகளைக் கொண்டுபோய் விடப் போறேன். முன்சீட்டுல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு ஜன்னல்ல தலையைச் சாய்ச்சிருக்கா பாரு, அவதான். செண்பகவல்லி. ஒரே பிள்ளை. அசந்துட்டா போல. தூங்கட்டும், ரெண்டு மூணு நாளா சரியாத் தூங்கல. மாப்பிள்ளைக்கு அங்கதான் கவர்மென்ட் வேலை. ஹாக்கி பிளேயரு. ஸ்போர்ட்ஸ் கோட்டால வாங்குன வேலை. மகாராஜன்னு பேரு. பேருக்கு ஏத்த மாதிரி ஆளும் இருப்பாரு.

எனக்கு இந்த விளையாட்டுக் கிறுக்கு எப்படி வந்துச்சுன்னா, எங்கய்யாகிட்டருந்து. அப்பாவை நாங்க அய்யான்னுதான் கூப்பிடுவோம். சோலையப்பன்னு பேரு. அதே மில்லுல ஸ்பின்னிங்ல வேலை பாத்தாக. எனக்கு அப்ப ஆறு வயசோ ஏழு வயசோ. ஷிப்டு முடிஞ்சு சங்கு ஊதுனா நான் வாசல்ல போயி நின்னுக்கிடுவேன். தலை, புருவம், மீசையெல்லாம் பஞ்சு ஒட்டி, கிழவன் மாதிரி வருவாக. கிணத்தடியில நாலு வாளி ஊத்திட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுட்டு வந்தா எங்கய்யா மாதிரி ஒரு ஆம்பளை அந்தத் தெருவுல கிடையாது. சைக்கிள் பார்ல ஒரு துண்டை மடிச்சுப் போட்டு என்னை உக்கார வச்சுக்குவாக. காதுகிட்ட அவுக மூச்சு அடிக்கும். லைஃப்பாய் சோப்பு வாசம். போகும்போதே சொல்லிக்கிட்டு வருவாக, இன்னிக்கு எதிர்ல யாரு ஆடுதா, அவன் எந்தப் பக்கம் பந்தைக் கொண்டு வருவான், நம்ம ஆளு எப்படி மறிக்கணும். எனக்கு என்ன புரியும். ஆனா தலையை ஆட்டுவேன். நான் ஆட்டுனா அவுகளுக்குச் சந்தோசம்.

கிரவுண்டைச் சுத்திப் பனையோலைத் தட்டி கட்டியிருப்பாக, வெளியிலருந்து ஓசியில பாத்துரக் கூடாதுன்னு. மத்தியானம் மூணரைக்குத் தண்ணி லாரி வரும். சரள்மண்ணு பாரு, தண்ணி தெளிச்சாத்தான் புழுதி அடங்கும். வெயில்ல காஞ்ச அந்தச் செம்மண்ணுல தண்ணி பட்டதும் ஒரு வாசம் வரும் தாயி. மழை வாசம் இல்ல, அது வேற. அந்த வாசம் வந்தா எங்கய்யா கண்ணை மூடி ஒரு தடவை இழுத்துக்குவாக. நானும் இழுத்துக்குவேன். இப்பவும் யாராவது வாசல் தெளிக்கும்போது அந்தப் பக்கம் போனா நின்னுருவேன். ஆனா அந்த வாசம் வாறதில்ல.

பொம்பளைகளுக்குன்னு ஒரு ஓரமாக் கயிறு கட்டி விட்டிருப்பாக. என்னை அங்க அனுப்ப மாட்டாக எங்கய்யா. ஆம்பளைகளுக்கு நடுவுல, மூணாவது படியில, அவுக பக்கத்துலயே உக்கார வச்சுக்குவாக. பொட்டப்பிள்ளையை இங்க எதுக்குடா கூட்டியாரன்னு கூட்டாளிக கேட்டா, கனி வந்தாத்தான் நம்ம டீமு ஜெயிக்கும்னு சொல்லுவாக. என் பேரு முத்துக்கனி. கனின்னுதான் கூப்பிடுவாக. நான்தான் ராசி. மில் டீமு ஆடுற மேட்சு ஒண்ணு விடாம என்னைக் கூட்டிட்டுப் போவாக. காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட ஒரு தடவை போர்வையைச் சுத்தித் தூக்கிட்டுப் போனாக. எங்கம்மா வாசல்ல மறிச்சு நின்னா. தள்ளிவிட்டுட்டுப் போனாக. பிள்ளை மேல அம்புட்டுப் பிரியம்.

பந்து எதிராளு கோலுகிட்டப் போச்சுன்னா என் கையைப் பிடிச்சு இறுக்குவாக. எலும்பு நொறுங்குற மாதிரி இருக்கும். நான் மூச்சே விடமாட்டேன். கோல் விழுந்துட்டா என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுக் குதிப்பாக. மேலருந்து பாத்தா கிரவுண்டு முழுக்கத் தெரியும். துண்டைச் சுழட்டுறவுக, செருப்பை வீசுறவுக, மைக்குல ஒருத்தர் கத்துறது. அந்தப்புறம் மில்லோட புகைபோக்கி. உலகத்துல இதுக்கு மேல எதுவும் இல்லைன்னு நினைப்பேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கேன்.

பஞ்சாப்லருந்தெல்லாம் டீமு வருவாக. கல்யாண மண்டபத்துல தங்க வைப்பாக. காலையில மொட்டைமாடியில நின்னு தலைமுடியை விரிச்சுப் போட்டுக் காயவச்சிட்டு நிப்பாக, நம்ம பொம்பளைக மாதிரி. நாங்க பிள்ளைகள்லாம் கீழ நின்னு வாயைப் பொளந்து பாத்துட்டு இருப்போம்.

ஜெயிச்சா வரும்போது சேமியா ஐஸ் வாங்கித் தருவாக. கடலைமிட்டாய் வாங்கி மடியில கட்டிவிடுவாக. ஊர்வலம் மாதிரி சைக்கிளெல்லாம் மணியடிச்சுக்கிட்டு வரும்.

தோத்தாலா? தோத்தா பேச மாட்டாக. என்னைச் சைக்கிள்ல ஏத்த மாட்டாக. அவுக சைக்கிளை உருட்டிக்கிட்டு முன்னால நடப்பாக, நான் பின்னாலயே ஓடி வரணும். திரும்பியே பாக்க மாட்டாக. ராசின்னு கூட்டிட்டுப் போயி அந்த ராசி பலிக்கலைன்னா யாருக்குத்தான் கோவம் வராது, சொல்லு. எங்கம்மா சுளுவாக் கண்டுபிடிச்சிருவா. நான் நடந்து வாறதைப் பாத்ததும் மளமளன்னு எனக்குச் சோத்தைப் போட்டு, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வீட்டுல படுத்துக்கோன்னு அனுப்பிருவா. காலையில நான் வாறப்போ அம்மா எப்பவும் போல சாணி தெளிச்சுட்டு இருப்பா. தலையில முக்காடு போட்டிருப்பா. எங்கம்மாவுக்குக் கிரவுண்டுன்னாலே ஆகாது. ஒரு நாளுகூட வந்து எட்டிப் பாத்ததில்ல. ரசிக்கத் தெரியாத மனுசி.

ஒரு நா நடந்ததைச் சொல்லுதேன். எனக்குப் பதினோரு பன்னெண்டு வயசிருக்கும். மேட்சு இல்லாத நாளு, பிராக்டீஸ் நடக்குது. எல்லாரும் தண்ணி குடிக்க ஒதுங்கிட்டாக. ஒரு ஸ்டிக்கு தரையில கிடந்துச்சு, பக்கத்துலயே பந்து. நான் இறங்கிப் போயி எடுத்து ஒரே அடி. பந்து அந்தக் கோடியில தட்டியில போயி டம்முன்னு விழுந்துச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாக. கை தட்டுனாக. அன்னைக்கு உள்ளங்கையில ஏறுன அந்த அதிர்வு இருக்கே, தோள் வரைக்கும் போச்சு. இன்னொரு பந்தை அடிக்கலாம்னு நான் குனியறதுக்குள்ள எங்கய்யா வந்து ஸ்டிக்கை வாங்கிட்டாக. கோவமெல்லாம் இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் வாங்குனாக. ஒனக்கு இது எதுக்குட்டி, ஒனக்கு நல்ல பிளேயராப் பாத்துக் கட்டி வைக்கேன்னு சொன்னாக. எல்லாரும் சிரிச்சாக. எனக்குச் சந்தோசம் தாங்கல. அன்னையிலருந்து ஒவ்வொரு பிளேயரையும் பாக்கும்போது இவுகளா இருக்குமோ, அவுகளா இருக்குமோன்னு இருக்கும். அதுக்கப்புறம் ஸ்டிக்கைத் தொட்டதில்ல. தொடணும்னு தோணவும் இல்ல. எப்பவாச்சும் விளக்குமாறு பிடிக்கும்போது கை தன்னால அந்த மாதிரிப் பிடிச்சிரும். அம்புட்டுத்தான்.

சொன்ன மாதிரியே பாத்தாக. லெஃப்ட் இன் அருணகிரின்னா அப்ப ஜில்லாவுக்கே தெரியும். மில் டீமுல இடதுபக்கம் முன்னால ஆடுறவரு. பந்தை எடுத்துட்டு ஓடுனார்னா பந்து ஸ்டிக்குல ஒட்டிக்கிட்டு வாற மாதிரி இருக்கும். மில்லுலயே வேலை, குடிக்காத ஆளு. எங்கய்யா போயி அவுக வீட்டுல கேட்டுட்டு வந்து, அன்னைக்கு வீடு முழுக்கச் சிரிச்சுட்டுத் திரிஞ்சாக. எங்கம்மா மட்டும் ஒத்துக்கல. எங்கம்மா எதுத்துப் பேசி நான் கேட்டதே அந்த ஒரு தடவைதான். அடுப்பைப் பாத்துக்கிட்டே சொன்னா:

"விளையாடுறவன் வேண்டாம். ஜெயிச்சா ஊரோட இருப்பான். தோத்தா வீட்டுக்கு வருவான்."

எங்கய்யா எந்திரிச்சு வெளியே போயிட்டாக. நான்தான் எங்கம்மாகிட்டச் சண்டை போட்டேன். ஒனக்கு விளையாட்டைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டேன். எனக்கு அவருதான் வேணும்னு சொன்னேன். எங்கம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா.

கல்யாணம் முடிஞ்சு நடந்த மொத மேட்சுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். இப்ப நான் பொம்பளைக பக்கம், கயித்துக்கு அங்கிட்டு. அருணகிரி பொண்டாட்டின்னு ஆளாளுக்குக் காட்டுறாக. எதுத்த கேலரியில எங்கய்யா. அவுக என்னையப் பாத்து கையை ஆட்டுனாக. எங்க வீட்டுக்காரவுக அன்னைக்கு ஒரு கோல் போட்டாக. ராத்திரி மல்லியப்பூவும் அல்வாவும் வந்துச்சு. ஜெயிச்ச அன்னைக்கெல்லாம் அப்படித்தான். அந்தக் குறையே வச்சதில்ல.

இல்ல தாயி, நீ நினைக்கிற மாதிரியில்ல. எல்லாரையும் மாதிரி சும்மா சும்மாக் கை நீட்டுற ஆளு இல்ல. தோத்த அன்னிக்கு மட்டும்தான். அதுவும் அவுக நல்ல பிளேயரு, அதனால தோக்குறதே கம்மி. எங்க தெருவுல தினமும் குடிச்சுட்டு வந்து அடிக்கிறவனெல்லாம் இருந்தான். இவுகளுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. ஆடிட்டு வாறவுகளுக்கு உடம்புல சூடு அடங்காது. அதை எங்கயாவது இறக்கணும்ல. நானும் மேட்சு பாக்குறவ, எனக்குத் தெரியும். கடைசி நிமிசத்துல நம்ம டீமு மேல கோல் விழுந்துச்சுன்னா நான் முன்னாலயே எந்திரிச்சு வீட்டுக்குப் போயி, ஒலையில அரிசியப் போட்டு, வெந்நி போட்டு, கண்ணாடிச் சாமானையெல்லாம் பரண்ல எடுத்து வச்சிருவேன். பொண்டாட்டின்னா அவுக மனசு தெரிஞ்சு நடந்துக்கணும்.

ரெண்டாவது வருசம் நான் முழுகாம இருந்தேன். அஞ்சு மாசம். லீக் மேட்சுல அவுக டீமு தோத்துப் போச்சு, நடுவர் தப்பாக் குடுத்துட்டாருன்னு ஒரே சண்டை. அன்னைக்குச் சாயந்தரம் நான் அடுப்படியில விழுந்துட்டேன். எப்படி விழுந்தேன்னு கேக்காத. விழுந்துட்டேன். ஆசுபத்திரியில வச்சிருந்தாக. பிள்ளை தங்கல. ஆம்பளைப் பிள்ளைன்னு நர்சம்மா சொன்னா. அவுகளும் அழுதாக, பாவம். தோத்துட்டு வந்த மனுசன், அதோட இதுவும் சேந்துக்கிட்டா எப்படி இருக்கும்.

ஆசுபத்திரியிலருந்து எங்கம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. என் பெட்டியையும் ஆள விட்டு எடுத்துட்டு வந்துட்டா. இனி இவ இங்கதான் இருப்பா, யாரு வந்து கூப்பிட்டாலும் அனுப்ப மாட்டேன்னு தெருவுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. அய்யா சொன்னாச் சரியா இருக்கும்னு தோணுச்சு. அய்யா எங்கன்னா, கிரவுண்டுல. அவுக டோர்னமென்ட் நேரம் வீட்டுலயா இருப்பாக.

மெதுவா நடந்து போனேன். செமிபைனல் நாளு. வேற ரெண்டு டீமு ஆடுது. நம்ம மில் டீமு மத்த மேட்செல்லாம் ஜெயிச்சு ஏற்கனவே பைனலுக்கு வந்திருச்சு. எங்கய்யா அதே மூணாவது படியில உக்காந்திருந்தாக. நான் போயி நின்னதும் நிமிந்து பாத்தாக. என் மூஞ்சி அப்ப ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்துச்சு. பாத்தாக. ஒண்ணும் கேக்கல. பக்கத்துல உக்காந்திருந்தவரைத் தள்ளி உக்காரச் சொல்லிட்டு, துண்டால கல்லைத் தட்டிவிட்டாக. நான் உக்காந்தேன். கல்யாணம் ஆகி மறுபடியும் எங்கய்யா பக்கத்துல உக்காந்தது அன்னைக்குத்தான். என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. சின்னப்பிள்ளையில பிடிச்ச மாதிரியே. ஆனா இறுக்கல. பந்து கோலுகிட்டப் போனப்பக்கூட இறுக்கல. மேட்சைப் பாத்துக்கிட்டே சொன்னாக:

"நாளைக்கு பைனலு. அவன் மனசைக் கலைச்சிராத கனி."

நான் சரின்னு சொன்னேன்.

வேற என்ன சொல்லணும் அவுக? ஊரே எதிர்பாத்துட்டு இருக்கு. நான் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுல உக்காந்தா அவுக எப்படி ஆடுவாக? எங்கய்யாவுக்கு எல்லாப் பக்கமும் யோசிக்கத் தெரியும். மேட்சு முடியறதுக்குள்ள அங்கருந்தே நேரா எங்க வீட்டுக்குப் போயிச் சோறாக்கிட்டேன். எங்கம்மா வீட்டுலருந்து பெட்டியை மறுநாளு ஆள விட்டு எடுத்துக்கிட்டேன். பைனல்ல ஜெயிச்சாக தாயி. எங்க வீட்டுக்காரவுகதான் ரெண்டு கோலும். கப்போட நிக்கிற போட்டோ இன்னமும் சுவத்துல இருக்கு. எங்கய்யாவும் அதுல ஓரமா நிக்காக, பாதி முகம் தெரியும். எங்கம்மா அதுக்கப்புறம் எங்கய்யா சாகுற வரைக்கும் அவுகளோட முகங்குடுத்துப் பேசவே இல்ல. சோறு வைப்பா, துணி துவைப்பா, பேச மாட்டா. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. வைராக்கியம் பிடிச்ச பொம்பளை.

இந்தா, கயத்தாறு வந்துருச்சு. நீ தாழையூத்துலதான இறங்கணும்? இருக்கு, இருக்கு. தண்ணி குடிக்கியா? நல்ல தண்ணிதான், வீட்டுலருந்து கொண்டாந்தது.

அப்புறம் என்ன. மில்லு நொடிச்சுப் போச்சு. நல்ல பிளேயரெல்லாம் பேங்க்கு, ரயில்வேன்னு வேலை வாங்கிட்டுப் போயிட்டாக. டீமு தோக்க ஆரம்பிச்சிருச்சு. வாரத்துக்கு வாரம் தோல்வி. அது அவுக தப்பா? வயசும் ஏறிருச்சு. அந்தக் காலத்துலதான் செண்பகம் பிறந்தா, ரொம்ப வருசம் கழிச்சு. பிறகு மில்லையே மூடிட்டாக. கிரவுண்டை வேலி போட்டு அடைச்சுட்டாக. மேட்சே இல்ல. மேட்சு இல்லைன்னா தோக்குறதும் இல்ல, நிம்மதியா இருக்கலாம்னுதான் நான் நினைச்சேன். ஆனா மேட்சு இல்லைன்னா ஜெயிக்கவும் வழியில்ல பாரு. அதை நான் யோசிக்கல. அதுக்கப்புறம் எல்லா நாளும் ஒண்ணாயிருச்சு.

இப்ப அவுக படுத்த படுக்கை. பக்கவாதம் வந்து மூணு வருசமாச்சு. வலதுபக்கம் வராது, பேச்சு வராது. இடது கை மட்டும் நல்லா இருக்கு. சோறு ஊட்டும்போது தட்டைத் தட்டிவிட்டா சுவத்துல போயி விழும். அந்த வேகம் இன்னும் குறையல. லெஃப்ட் இன்ல.

செண்பகத்துக்கு மாப்பிள்ளை நான்தான் பாத்தேன். இப்பப் புதுசா நீலக்கலர்ல கம்பளம் விரிச்ச மாதிரி ஒரு கிரவுண்டு போட்டிருக்காகள்ல, அங்க டோர்னமென்டுக்கு ஆட வந்தாரு. பக்கத்து வீட்டுக்காரவுக கூடப் போயிப் பாத்தேன். அந்தக் கிரவுண்டுல ஒரு வாசமும் இல்ல. ஆனா அவரு பந்தை எடுத்துட்டு ஓடுனதைப் பாத்ததும் எங்கய்யா வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு. விசாரிச்சா நம்ம ஆளுக. இவ நர்சிங் படிச்சுக்கிட்டு இருந்தா. படிப்பு முடியட்டும்னா. நல்ல இடம் காத்துட்டு இருக்குமா? முடிச்சுட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பையைத் தூக்கிட்டு வந்து நின்னா. இடது கையிலதான் பை இருந்துச்சு, வலது கையைத் தூக்க முடியல. வீங்கியிருந்துச்சு. நேரா உள்ள போயி அவுக அப்பா கட்டில் பக்கத்துல கீழ உக்காந்துட்டா. அவுக இவளைப் பாத்துக்கிட்டே கிடந்தாக. கண்ணுலருந்து தண்ணியா ஊத்துது, காது வரைக்கும் வடிஞ்சு தலகாணியெல்லாம் நனைஞ்சு போச்சு. அவுகளுக்குக் கண்ணுல எப்பவும் நீர் வடியும். டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்காரு. நான் எடுத்து விட்டேன்.

நான் இவளுக்கு எடுத்துச் சொன்னேன். ஒங்கிட்டச் சொன்னது மாதிரியே எல்லாத்தையும் சொன்னேன். கிரவுண்டு, எங்கய்யா, தண்ணி லாரி, அந்த வாசம், எல்லாம். பிளேயருக்கு வாக்கப்பட்டவ எப்படி இருக்கணும்னு சொன்னேன். முழுசாக் கேட்டா. கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா:

"நீ சொல்லுற கிரவுண்டை நான் பாத்ததே இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அப்பா சைக்கிளு சந்துக்குள்ள திரும்புற சத்தம்தான்."

அந்தச் சத்தம் கேட்டதும் சின்னப்பிள்ளையில இவ கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிடுவா. விளையாட்டுப் பிள்ளைன்னு நான் சிரிப்பேன்.

அவ அப்படிச் சொன்னதும் எந்திரிச்சுப் போயி மாவாட்டுனேன்.

அவளை வச்சுக்கிறதுக்கு எனக்கு என்ன வருத்தம்? ஒரு வாய்ச் சோறு. ஆனா ஊரு என்ன சொல்லும்? அந்த மாப்பிள்ளைக்குச் சீசன் நேரம். இவ இங்கன உக்காந்துக்கிட்டா அவரு எப்படி ஆடுவாரு? நானும் உடனே கூட்டிட்டுப் போகல. சமயம் பாத்துத்தான் போகணும். நேத்துப் பேப்பர்ல பாத்தேன், அவுக டீமு ஜெயிச்சிருக்கு. மூணுக்கு ஒண்ணு. மாப்பிள்ளை பேரும் போட்டிருந்துச்சு. அதான் காலையிலேயே இவளைக் கிளப்பிட்டேன். இன்னைக்குப் போனா நல்ல முகத்தோட இருப்பாரு. வாங்கத்தேன்னு கூப்பிடுவாரு. இவ பவுடர் போட மாட்டேன்னா, நான்தான் போட்டு விட்டேன். கன்னத்துல கொஞ்சம் தடிச்சிருக்கு, அது தெரியக்கூடாதுல்ல.

அடுத்த மேட்சா? எதுக்குக் கேக்கே?

ஞாயித்துக்கிழமை.

இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஞாயித்துக்கிழமை வரைக்கும் கூட இருந்தா இவளுக்கும் ஒரு தைரியம். ஆனா வீட்டுல படுத்துக் கிடக்குற அவுகளுக்கு யாரு சோறு ஊட்டுவா? பக்கத்து வீட்டுல ஒரு பொழுதுக்குத்தான் பாத்துக்கிடுவாக. சாயந்தர பஸ்ஸுக்கே திரும்பிரணும். இவளை வாசல்ல விட்டுட்டு, மாப்பிள்ளை கையைப் பிடிச்சு நாலு வார்த்தை நல்லவிதமாச் சொல்லிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

நீ ஏன் தாயி என் மகளையே பாத்துட்டு இருக்கே? நல்லா இருக்கும். கடவுள் இருக்காரு. அந்த டீமுல இப்ப நல்ல நல்ல பையங்க ஆடுறாங்களாம். அவ்வளவு லேசுல தோக்க மாட்டாங்க.

தாழையூத்தா? இறங்கு தாயி, இறங்கு. பையை எடுத்துக்கிட்டியா? போறபோக்குல என் மகளை லேசாத் தட்டி எழுப்பி விட்டுட்டுப் போ, இன்னும் கொஞ்ச நேரத்துல திருநவேலி வந்துரும்.

என்ன? தூங்கலையா? முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாளா?

ஏ செண்பகம். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா? இந்த அக்கா கூடச் சும்மா பழைய கதை பேசிட்டு வந்தேன். என்ன சொல்லுதே? பஸ்ஸு சத்தத்துல கேக்கல, கொஞ்சம் உரக்கச் சொல்லு.

"நீ ஏம்மா வீணா அலையுதே. இங்கயே இறங்கி எதுத்த பஸ்ஸுல ஏறிக்கோ, அப்பா பசியோட இருப்பாரு. நான் தனியாப் போயிருவேன். இனிமே ஒங்க வீட்டுக்கு வரமாட்டேன்."

கேட்டியா தாயி? தானே போயிருவாளாம். இனிமே வரமாட்டாளாம். இதுக்குத்தான் நான் மூணு நாளா எல்லாச் சாமியையும் வேண்டிக்கிட்டு இருந்தேன். பிள்ளைக்குப் புத்தி வந்துருச்சு பாரு. நீ பாத்து இறங்கு தாயி, படி உசரமா இருக்கு.